75,000 ரூபாய்க்கு ஓர் ஆறுதல் வார்த்தை: கல்லூரிச் சேர்க்கைக்கு அலையும் பெற்றோர் கவனத்துக்கு

தருமபுரியில் இருந்து பாலக்கோட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. போனது 75,000 ரூபாய். எழுத்தால், ரூபாய் எழுபத்தைந்தாயிரம் மட்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது என் தொழில். நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு ஆண்டுகளாக அடுத்தவர் சொத்துக்குக் கிரயமும் அடமானமும் எழுதிப் பிழைக்கிறவன். "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேரிடமாவது சொல்லுகிறவன். அப்படிப்பட்டவன் ஏமாந்த கதை இது.

என் மகன் இந்த 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ எழுதினான். மே 8 அன்று முடிவு வந்தது. 600க்கு 352. கணிதம் 54, இயற்பியல் 57, வேதியியல் 61. பொறியியலுக்குக் கட் ஆஃப் போடும்போது கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுப்பார்கள். 54, 28.5, 30.5. ஆக 200க்கு 113. தோற்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. இந்த மாதிரி மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தகப்பனுக்குத்தான் தெரியும், அந்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்று. பெயிலான பிள்ளையின் வீட்டில் துக்கம் விசாரிப்பார்கள். 550 வாங்கிய வீட்டில் லட்டு கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, "ஓ, பரவாயில்லை" என்று சொல்லி, பேச்சைத் தக்காளி விலைக்கு மாற்றினார்கள். அந்த "பரவாயில்லை"யைக் கேட்டுக் கேட்டுப் பையன் மாடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் தருமபுரி பஸ் நிலையத்தில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரிச் சேர்க்கை ஆலோசனை மையத்தில் இருந்து போன் வந்தது. என் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்கிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. இந்த மாதிரிக் கடைகள் மே மாதம் தெருவுக்கு இரண்டு முளைக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

மே 19, திங்கட்கிழமை. நானும் மனைவியும் மகனும் போனோம். குளிர்சாதன அறை, கண்ணாடி மேசை, சுவரில் பட்டமளிப்பு அங்கியோடு சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். உள்ளே இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். என்னை அண்ணா என்றார், மனைவியை அக்கா என்றார், எங்களுக்கு மோர் வரவழைத்தார். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தவர் முகம் சுளிக்கவில்லை. பையனைப் பார்த்து, "தம்பி, தமிழில் 78 வாங்கியிருக்கிறாயே, நன்றாக எழுதுவாயா?" என்று கேட்டார். முடிவு வந்து பதினோரு நாளில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. பையன் சிரித்தான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விழுந்த இடம் அதுதான். சீட்டும் கல்லூரியும் பிறகு வந்த பேச்சு. பையன் முகத்தில் சிரிப்பைப் பார்த்த அந்த நிமிடமே பணம் என் சட்டைப்பையில் இருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

பிறகு கதை வேகமாக நடந்தது. 113 கட் ஆஃபுக்கு அரசுக் கலந்தாய்வில் ஒன்றும் கிடைக்காது என்றார். 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்வது வீண், ஜூலை வரை காத்திருந்தால் நல்ல இடங்கள் போய்விடும் என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேராகக் கொடுக்கும் இடங்களில், கம்ப்யூட்டர் சயின்ஸ் நான்கு இடம்தான் மிச்சம், இன்று 75,000 கட்டினால் இடத்தைப் பிடித்து வைக்கலாம், அந்தத் தொகை முதலாம் ஆண்டுக் கட்டணத்தில் கழிந்துவிடும் என்றார். நாங்கள் அங்கே இருக்கும்போதே அவருக்கு ஒரு போன் வந்தது. "நான்கு இல்லை, மூன்று" என்று அதில் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நிலத் தரகர்கள் இதே நாடகத்தை என் கண் முன்னால் நூறு முறை ஆடியிருக்கிறார்கள். "அந்த மூன்றாவது பார்ட்டி யார் ஐயா?" என்று நானே சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து 50,000. அதை ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி 25,000 மைத்துனரிடம் கேட்டு, அவர் போனில் இருந்து, அவர்கள் சொன்ன நம்பருக்கு அனுப்பினோம். திரையில் வந்த பெயர் மையத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். "கணக்காளர் பெயர், பரவாயில்லை" என்றார்கள். மறுபடியும் பரவாயில்லை!

ரசீது கொடுத்தார்கள். நீல நிறம், பளபளப்பான தாள், மேலே பொன் எழுத்து. தொகை ரூ.50,000 என்று மட்டும் இருந்தது, 25,000க்கு ரசீது பிறகு வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை. அதன் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: "ஆலோசனைக் கட்டணம். எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்பட மாட்டாது." கல்லூரியின் பெயர் இல்லை. பாடப்பிரிவின் பெயர் இல்லை. சீட்டு என்ற சொல்லே இல்லை. சொத்து விவரம் இல்லாத கிரயப் பத்திரம் அது. என்னிடம் யாராவது கொண்டு வந்திருந்தால் கிழித்துப் போடச் சொல்லியிருப்பேன். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் "கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

ஜூன் 6 அன்று பொறியியல் கலந்தாய்வுப் பதிவு முடிந்தது. நாங்கள் பதியவில்லை. ஜூன் கடைசியில் போன் செய்தால், "சார் கூட்டத்தில் இருக்கிறார்." அடுத்த வாரம், "சார் சென்னை போயிருக்கிறார்." அதற்கடுத்து, "சேலம் கிளையில் கேளுங்கள்." சேலத்துக்குப் போனேன். அவர்கள் சொன்ன மாடியில் பூட்டுதான் தொங்கியது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "நீங்கள் இந்த வாரத்தில் ஐந்தாவது ஆள்" என்றார். ஆடி பிறந்த பிறகு போனால் புதுக் காரணம்: "ஆடியில் யாரும் சேர்க்கை போட மாட்டார்கள், ஆடிப்பெருக்கு முடிந்து வாருங்கள் அண்ணா." ஜூலை 14 அன்றே பொதுக் கலந்தாய்வு தொடங்கிவிட்டது. அரசாங்கம் ஆடி பார்க்கவில்லை, இவர்கள் பார்க்கிறார்களாம்.

ஆடி பிறக்கும் முன்பே, ஜூலை 16 அன்று, பையனையும் கூட்டிக்கொண்டு நேராகக் கோயம்புத்தூர் போய்விட்டேன். அந்தக் கல்லூரி அலுவலகத்தில் வயதான ஒரு குமாஸ்தா. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பெயரில் எங்களுக்கு முகவர் யாரும் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களிடம் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கலந்தாய்விலேயே 113க்கு இங்கே கிடைத்திருக்குமே, ஏன் பதியவில்லை?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்து கொண்டான். திரும்பி வரும் வழி முழுக்க அவன் பேசவில்லை. தருமபுரி வந்ததும், "என்னால்தான் அப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மையத்தின் மீது எத்தனை வழக்குப் போட்டாலும் தகும்.

நட்டம் 75,000 மட்டும் அல்ல. எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை. இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அலைந்து முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அந்த இளைஞருக்கு இது தெரியாமல் இருக்குமா? சான்றிதழை அவரிடம் எடுத்துக் காட்டினேன். "நன்று, பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்.

ஜூலை 28 அன்று பழக்கமான வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் கல்லூரிக்கு அனுப்பியதாகச் சொன்ன சான்றிதழ்கள் அதே கண்ணாடி மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்து வெளியே வந்தன. ரப்பர் பேண்ட் போட்டு, வேறு பிள்ளைகளின் கட்டுகளோடு கட்டாக. குறைந்தது இருபது கட்டு இருக்கும். சேர்க்கைக்கு வரும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது என்றார் வழக்கறிஞர். கல்லூரிக்கே இல்லாத உரிமை இடைத்தரகனுக்கு எங்கிருந்து வந்தது?

பணத்துக்காக இன்று மறுபடியும் போனேன். நீல ரசீதின் அந்த எறும்பு வரியை விரலால் தொட்டுக் காட்டினார் அதே இளைஞர். "படித்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் அண்ணா?" என்றார். என் வாயில் இருந்து வரவேண்டிய வார்த்தை.

யோசனை நிறையச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், தலை ஓடவில்லை. இதையாவது கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250, அவ்வளவுதான். பதியத் தெரியாவிட்டால் உதவி செய்ய அரசின் சேவை மையங்கள் இருக்கின்றன. ஸ்கேன் பிரதி போதும், அசலை யாரிடமும் விடாதீர்கள். நிர்வாக ஒதுக்கீடுதான் வேண்டும் என்றால் கல்லூரி அலுவலகத்துக்கே போய், கல்லூரிப் பெயரில் உள்ள கணக்கில் கட்டுங்கள். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். இதெல்லாம் எனக்கு ஜூலையில் தெரிந்தது. பணம் போய்விட்டவர்கள் 1915க்குப் பேசுங்கள், நுகர்வோர் உதவி எண்.

ஆகஸ்டில், மிச்சம் இருக்கும் இடங்களுக்கான துணைக் கலந்தாய்வு வரும். பையன் அதற்குக் காத்திருக்கிறான். இந்த முறை பாஸ்வேர்டு அவனிடம்தான், என்னைப் பக்கத்தில் உட்காரக்கூட விடமாட்டேன் என்கிறான்.

அந்த இழுப்பறையில் இருந்த கட்டுகளில் உங்கள் பிள்ளையின் கட்டும் இருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தருமபுரி பஸ் நிலையத்துக்கு வாருங்கள். ஆடிப்பெருக்கு முடிந்து வரச் சொன்னார்கள் அல்லவா, மறுநாளே போகலாம். புகார் மனுவை நான் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள்.