ஸோட்டெரோ: ஆய்வு வழிகாட்டிக்கு எவ்வளவு உதவும்?

"படிச்சிட்டேன் சார்" என்ற பதிலை வைத்து, இளநிலை மாணவர் எவ்வளவு படித்தார் என்று எந்த வழிகாட்டியும் கணிக்க முடியாது. 2006-இல் வந்த இலவச மென்பொருளான ஸோட்டெரோவை மேற்கோள் பட்டியல் போடத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். 2022-இல், 6-ஆம் பதிப்பில் பிடிஎஃப் வாசிப்பானும் உள்ளேயே வந்துவிட்டதால், மாணவரின் வாசிப்பைப் பார்த்துக்கொள்ளவும் இது நன்றாக உதவுகிறது.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் குழு நூலகத்தில் யார் எந்த வரிக்கு மஞ்சள் அடித்தார், என்ன குறிப்பு எழுதினார் என்பது பெயருடன் தெரியும். முன்னுரை முழுக்க மஞ்சள், செய்முறைப் பகுதி வெறுமை என்றால் அடுத்த சந்திப்பை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். எல்லாமே மஞ்சளாக இருந்தாலும் கவலைதான்.

மஞ்சள் அடித்த வரிகளைப் பக்க எண்ணோடு ஒரே குறிப்பாகத் திரட்டும் வசதி அருமை, ஆபத்தும் அதில்தான். மேற்கோள் குறியை நீக்கிவிட்டு அப்படியே அறிக்கையில் ஒட்டும் மாணவர்கள் உண்டு. சொந்த வாக்கியத்தில் எழுதிய குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

குழுவை வழிகாட்டியின் கணக்கிலேயே, தனிப்பட்ட குழுவாகத் தொடங்க வேண்டும். கோப்புகளுக்கான இடம் குழு உரிமையாளரின் கணக்கில்தான் கழியும். இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி. ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். நிரம்பியபின் கட்டுரையின் விவரம் மட்டும் மற்றவர்களுக்குப் போகும், கோப்பு போகாது. "எனக்குத் திறக்கவில்லை" என்று மாணவர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு: சொந்த நூலகத்திலிருந்து குழுவுக்கு இழுத்துப் போட்டால் உருவாவது தனி நகல். ஒருவர் சொந்த நூலகத்திலிருந்தும் இன்னொருவர் குழுவிலிருந்தும் ஒரே அறிக்கையில் மேற்கோள் காட்டினால், ஒரே கட்டுரை பட்டியலில் இரண்டு முறை வரும். ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும் மேற்கோள் நடையில் 2020ஏ, 2020பி என்று பிரிந்தும் நிற்கும். குழுவிலிருந்து மட்டுமே மேற்கோள் என்று முதல் நாளே விதி வைத்துவிடுங்கள். பழைய ஸ்கேன் பிரதிகளின் விவரத்தைத் தானாக எடுப்பதை நம்ப வேண்டாம். மாயக்கோல் பொத்தானில் டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) கொடுத்துச் சேர்ப்பதே மேல்.

வெளியான பின் இதழ் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டுவது புதியவர்களுக்குப் பெரிய காப்பு. ஆனால் ஸோட்டெரோவில் வேலையைப் பிரித்துக் கொடுக்கவோ கெடு வைக்கவோ வழியில்லை. வண்ணக் குறிச்சொற்களுக்கு "படிக்க", "படித்தாயிற்று", "பேச வேண்டும்" என்று பெயரிட்டுச் சமாளிக்கலாம். எண் விசையை அழுத்தினால் குறிச்சொல் சேரும், மீண்டும் அழுத்தினால் நீங்கும்.