ஜம்ப் கோச்சா, எட்ஜ் கோச்சா?

பிள்ளை ஃபிகர் ஸ்கேட்டிங் கற்கும்போது, கனடாவின் ஆரம்பப் பயிற்சியான கேன்ஸ்கேட் முடியும் வரை பெற்றோருக்குப் பெரிய தலைவலி கிடையாது. ஆறு நிலைகள். ஒவ்வொன்றிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஒரு ரிப்பன், நிலைக்கு ஒரு பேட்ஜ். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கோச். கிளப்பில் பெயர் பதிந்து, ஹெல்மெட்டை மாட்டி உள்ளே அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது. அடுத்த கட்டமான ஸ்டார்ஸ்கேட்டுக்குப் போகும்போதுதான் தனி கோச் என்ற பேச்சு வருகிறது. நாமே விசாரித்து, நாமே பேசி, நாமே பணம் கட்ட வேண்டும்.

டொராண்டோ பக்கம் குடியேறி, பனியையே முப்பது வயதுக்கு மேல் முதல்முறை பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு எதை வைத்து கோச்சைத் தேர்ந்தெடுப்பது என்றே புரியாது. கிரிக்கெட் கோச் என்றால் பையன் மட்டை பிடிப்பதைப் பார்த்தாவது ஏதோ ஒரு அபிப்பிராயம் சொல்லலாம். இங்கே எல்லாமே அழகாகத்தான் தெரிகிறது.

கடைசியில் எங்கள் முன் நின்றது இரண்டு பேர். ஒருவர் ஜம்ப்பை முன்னால் வைப்பவர். இன்னொருவர் எட்ஜ், எட்ஜ் (பிளேடின் ஓரம்) என்று உயிரை எடுப்பவர். மகளை இரண்டாமவரிடம் சேர்த்தோம். அதனால் கீழே எழுதுவதில் தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கட்டணம், தகுதிச் சான்று, நேரம் இவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் ஸ்கேட் கனடா என்ற தேசிய சங்கத்தில் பதிவு செய்தவர்கள், இருவருமே பதினைந்து நிமிடக் கணக்கில்தான் பில் போடுகிறார்கள். ரிங்க் என்ற பனித்தளத்துக்கான காசு தனி. அதை விட்டுவிடுவோம்.

முதலாமவரின் வகுப்பு எப்படி என்றால், இரண்டு சுற்று ஓடி உடம்பைச் சூடாக்கு, பிறகு வால்ட்ஸ் ஜம்ப், சால்காவ், டோ லூப், லூப் என்று வரிசையாகத் தாவு. நடுவில் ஒரு ஸ்பின். பனிக்கு வெளியே ரப்பர் தரையில் சாதாரண ஷூவோடு, முன்னோக்கிப் பாய்ந்து ஒன்றரைச் சுற்று சுற்றும் ஆக்ஸல் பழக்கம். கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு ஹார்னஸ்: இடுப்பில் பட்டை, கோச்சின் கையில் கம்பு, விழப்போகும் நேரத்தில் மேலே தூக்கிவிடுவார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பெற்றோருக்கும்தான், வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்ப வாரம் ஒரு வீடியோ கிடைக்கிறது.

அவர் சொல்லும் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. உடம்பு சின்னதாக, இடுப்பு ஒடுங்கி இருக்கும் வயதில் சுற்றுவது சுலபம். பயமும் குறைவு. கையை நெஞ்சோடு இறுக்கி, காலைப் பின்னிக்கொண்டு காற்றில் நிற்கும் அந்த நிலையை எட்டு வயதில் பழகுவதற்கும் பதினாலு வயதில் பழகுவதற்கும் வித்தியாசம் உண்டு. மாஸ்கோவில் எட்டெரி டுட்பெரிட்சேயின் மாணவிகள் இதற்குப் பெரிய உதாரணம். 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அலினா ஜாகிட்டோவாவுக்கு வயது 15. 2022 பெய்ஜிங்கில் அலெக்ஸாண்ட்ரா ட்ரூசோவா ஒரே நிகழ்ச்சியில் ஐந்து குவாட் (காற்றில் நான்கு சுற்று) தாவினார். ஆனால் அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்த முடிவு செய்தது. 2024-25 சீசனிலிருந்து 17 அமலுக்கு வந்துவிட்டது. ஆக, பதினைந்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்துக்கே இப்போது பாதி காரணம் போய்விட்டது. நம் பிள்ளைகள் அந்த உயரத்துக்குப் போகப் போகிறார்களா என்பது வேறு கதை.

இரண்டாமவரின் வகுப்பைப் பார்க்க உட்கார்ந்தால் தூக்கம் வரும். பாதி நேரம் ஒற்றைக் காலில் அரை வட்டம். வெளி எட்ஜ், உள் எட்ஜ், முன்னால், பின்னால். ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது. நடுவில் குழிந்து இரண்டு ஓரமும் கூராக இருக்கும். எந்த ஓரத்தில் எடையைப் போட்டு நிற்கிறோம் என்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படையே. ஒரே காலில் நின்றபடி திசை திரும்பும் த்ரீ டர்ன் போட்டு முடித்ததும் பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்து, பனியில் விழுந்த கோட்டைக் குனிந்து காட்டுவார். இரண்டு வளைவும் கூடும் முனை கூராக, மெல்லிய கோடாக இருந்தால் சரி. முனைக்குப் பக்கத்தில் தேங்காய்த் துருவல் மாதிரி பனி குவிந்திருந்தால் கால் திரும்பவில்லை, பிளேடை இழுத்துத் திருப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். "இதோட சால்காவ் போட்டா எங்கே போய் விழுவே, சொல்லு?" என்று கேட்பார். சால்காவே இடது கால் த்ரீ டர்னில் தொடங்குகிற ஜம்ப்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்பின் கதையும் இதேதான். உள்ளே நுழையும் எட்ஜைப் பிடித்து நிற்கத் தெரியாத பிள்ளை ஒரே இடத்தில் சுற்றாமல் ரிங்க் முழுக்க நகர்ந்துகொண்டே போகும்.

ஆனாலும் எங்களை முடிவுக்குத் தள்ளியது வேறு விஷயம். தப்பாகப் படிந்த ஒரு ஜம்ப்பைத் திருத்த ஆகும் செலவு. இதை லட்ஸ் என்ற ஜம்ப்பை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

இடது பக்கமாகச் சுற்றும் ஸ்கேட்டர் லட்ஸுக்கு இடது காலின் பின் வெளி எட்ஜில் நீளமாக வருவார். அந்த வளைவு போகும் திசை ஒன்று, காற்றில் சுற்ற வேண்டிய திசை அதற்கு நேர் எதிர். உடம்பு இதை விரும்பாது. வலது கால் டோ பிக்கை (பிளேடின் முன்முனைப் பற்களை) பனியில் குத்துவதற்கு ஒரு கணம் முன்னால் இடது கணுக்கால் நைசாக உள்பக்கம் சரிந்துவிடும். உள் எட்ஜில் கிளம்பினால் அது ஃபிளிப் என்ற வேறு ஜம்ப். பெயர் லட்ஸ், வேலை ஃபிளிப்; ரிங்க்கில் இதற்கு ஃபிளட்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. சுற்றினாள், இறங்கினாள், கை தட்டுவோம்.

போட்டியில் தொழில்நுட்பக் குழுவுக்குத் தெரியும். தப்பான எட்ஜுக்கு அடிப்படைப் புள்ளியில் 80 சதவீதம்தான் கிடைக்கும். ட்ரிபிள் லட்ஸ் 5.9, எட்ஜ் தப்பினால் 4.72. ஒழுங்காகப் போட்ட ட்ரிபிள் ஃபிளிப்புக்கே 5.3. அதாவது கஷ்டமான ஜம்ப்பைத் தப்பாகப் போடுவதைவிட அதைவிட எளிதானதைச் சரியாகப் போட்டால் அதிகம். இதற்கு மேல் நடுவர்கள் தரப் புள்ளியிலும் கழிப்பார்கள். சிங்கிள் லட்ஸ் 0.6 என்பதால் சின்ன வயதில் இந்த இழப்பு யார் கண்ணிலும் படாது. படாததுதான் ஆபத்து. அப்படியே டபுளுக்குப் போய், கணுக்கால் அந்தச் சரிவையே லட்ஸ் என்று மனப்பாடம் செய்துவிடும்.

எங்கள் கோச்சிடம் நடுவில் வந்து சேர்ந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் நிலைமை. டபுள் லட்ஸ் 'இருந்தது'. அதை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டு, பின் வெளி எட்ஜில் வெறுமனே நிற்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். நிற்பது, பிறகு டோ பிக்கைக் குத்தி அப்படியே நிறுத்துவது, பிறகு சிங்கிள். பழக்கத்தில் சரியாக வந்தது போட்டிப் பதற்றத்தில் பழையபடி சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சீசனே இதில் போனது. பதினைந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே காசு கொடுத்துக் கற்ற ஒன்றை மறக்கக் காசு கொடுப்பது எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் வயிற்றெரிச்சல்தான். பிள்ளையின் மனசு அதைவிட முக்கியம். கூடப் படித்தவர்கள் டபுள் ஃபிளிப், டபுள் லட்ஸ் என்று போய்க்கொண்டிருக்க, தான் மட்டும் அரை வட்டம் போடுவது பதினோரு வயதுக்கு அவமானம்.

திருப்பிக் கேட்கலாம்: எட்ஜ் நன்றாக இருந்தால் ஜம்ப் தானாக வந்துவிடுமா? வராது. இதற்கு டொராண்டோவிலேயே சாட்சி உண்டு. கிரானிட் கிளப்பில் ஆஸ்போர்ன் கோல்சன் என்ற பழைய கால கோச்சிடம் வளர்ந்த பேட்ரிக் சான், 2011 முதல் 2013 வரை மூன்று முறை உலக சாம்பியன். அவர் அளவுக்கு எட்ஜில் சறுக்கியவர்கள் குறைவு. அவருக்கும் ட்ரிபிள் ஆக்ஸல் கடைசி வரை தண்ணி காட்டியது. எட்ஜ் கோச்சிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆக்ஸல் வர எடுத்துக்கொண்ட காலமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட நீளம்தான். பாடத்தில் ஜம்ப்புக்கு ஒதுக்கிய நேரம் குறைவு என்பது நேரடிக் காரணம்.

அதே ஊரில் கிரிக்கெட் கிளப்பையும் பார்க்க வேண்டும்; பெயர்தான் அப்படி, அங்கே ஸ்கேட்டிங்கும் உண்டு. அங்கே கோச் பிரையன் ஆர்ஸரிடம் யூனா கிம், ஹாவியர் ஃபெர்னாண்டஸ், யுசூரு ஹான்யூ என்று உலகமே வந்து பழகியது. ஜம்ப்புக்கு ஆர்ஸர் என்றால், சறுக்கலுக்கு ட்ரேசி வில்சன். 1988 கால்கரியில் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வாங்கியவர். ஒலிம்பிக் சாம்பியன்களையும் வரிசையில் நிற்க வைத்து ஸ்ட்ரோக்கிங், அதாவது காலால் உந்திச் சறுக்கும் அடிப்படை, வகுப்பு எடுத்தார். குவாட் போடுகிறவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் சிங்கிள் போடுகிற பிள்ளைக்குத் தேவையில்லாமல் போகுமா?

என் மகள் இப்போது டபுள் சால்காவில் நிற்கிறாள். ட்ரிபிளுக்குக் குறி வைத்து, வாரத்தில் ஆறு நாள் பனியில் இருக்கும் பிள்ளை என்றால் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்களுக்குக் காற்றில் சுற்றும் பழக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. அந்த இடத்தில் என் பேச்சைவிட முதலாமவரின் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

யாரிடம் சேர்ப்பதானாலும் சோதனை வகுப்பு ஒன்று கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். கோச் எங்கே பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள்: பிள்ளை இறங்கும் இடத்தையா, கிளம்பும் இடத்தையா? லட்ஸ் வந்துவிட்டது என்று சொன்னால், பனி சீராக்கும் வண்டி வருவதற்கு முன் அந்தக் கோட்டைப் போய்ப் பாருங்கள். டோ பிக் குத்திய குழிக்குச் சற்று முன்னால் கோடு எதிர்ப்பக்கமாக நெளிந்திருந்தால் எட்ஜ் மாறியிருக்கிறது. இதற்கு ஸ்கேட்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம்: சில சமயம் கோளாறு காலில் இல்லை, பிளேடில். பூட்ஸில் கோணலாகப் பொருத்தியிருந்தாலோ, சாணை பிடித்தவர் ஒரு ஓரத்தை உயரமாக விட்டிருந்தாலோ எந்த கோச்சாலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

எங்கள் ஏற்பாடு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. எட்ஜ் கோச்சிடமே அனுமதி கேட்டு, வாரத்தில் பதினைந்து நிமிடம் ஹார்னஸுக்கு மட்டும் முதலாமவரிடம் போகிறாள். சொல்லாமல் போனால் ரிங்க்கில் பெரிய மனஸ்தாபமாகிவிடும். இந்த விஷயத்தில் கோச்சுகள் சம்பந்தி வீட்டாரைவிட ரோஷக்காரர்கள். அனுமதி கொடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: லட்ஸை மட்டும் அங்கே தொடக் கூடாது.