நியூயார்க் 9/11 அருங்காட்சியகம்: பார்க்க வேண்டியதும், உறுத்தியதும்

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இடிந்துபோன இரட்டைக் கோபுரங்கள் நின்ற அதே இடத்தில், தரைக்குக் கீழே 2014-இல் திறந்த அருங்காட்சியகம் இது. ஹட்சன் ஆற்று நீரைத் தடுத்து நின்ற கான்கிரீட் சுவரையும், இடிபாடுகளிலிருந்து கடைசியாக அகற்றிய 36 அடி உயரத் தூணையும் விட்டுவிடாதீர்கள். இடிபாடுகளை அகற்றியவர்கள் தூணில் எழுதிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன.

என் மனம் ஒரு நிலையில் நிற்காதது அந்தத் தாக்குதலுக்குக் காரணமான அல்-கொய்தா தலைவன் பின்லேடன் தொடர்பான பொருள்களுக்கு முன்னால்தான். பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில் அவன் ஒளிந்திருந்த வீட்டிலிருந்து எடுத்துவந்த ஒரு செங்கல். அங்கே அவனைக் கொன்ற நடவடிக்கையில் போன அமெரிக்கக் கடற்படையின் சீல் கமாண்டோ வீரர் ஒருவரின் சட்டை. அவன் கொல்லப்பட்ட செய்தி வந்த 2011 மே 1 இரவு, இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கூட்டம் கொடியை ஆட்டி "யுஎஸ்ஏ" என்று கத்தியதை டிவியில் பார்த்தேன். ஒழிந்தான் என்று எனக்கும் நிம்மதிதான். ஆனால் அத்தனை பேர் செத்த மண்ணில் ஆட்டமும் பாட்டமுமா? அப்புறம், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால், அவளைக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. செங்கல்லை வைத்தது சரி என்றே படுகிறது. விளக்கம் அடக்கமாக இருக்கிறது, வெற்றி முழக்கம் இல்லை.

சின்னப் பிள்ளைகளோடு போனால் வரலாற்றுக் காட்சிப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். இறந்தவர்களின் படங்கள் மாட்டிய அறைக்குக் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுங்கள்.