வேலையின்மை விகிதமா, வேலைவாய்ப்பு விகிதமா?

பெருந்தொற்று மந்தத்திலிருந்து ஒரு வட்டாரம் மீண்டதா என்பதை எந்த அளவுகோலால் அறிவது என்ற தயக்கம் பலருக்கு உண்டு.

எண்ணுவது: வேலையின்மை விகிதம் வேலை தேடியும் கிடைக்காதவர்களை மட்டுமே கணக்கிடுகிறது, வேலைவாய்ப்பு விகிதம் வயதுவந்தோரில் பணியில் இருப்போரின் பங்கைச் சொல்கிறது.

வேகம்: சுற்றுலாவை நம்பிய அமெரிக்க மாநிலமான நெவாடாவில் 2020 ஏப்ரலில் வேலையின்மை சுமார் 30 சதவீதத்தைத் தொட்டதை முதலாவது பளிச்சென்று காட்டியது.

பிழை: குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலை தேடுவதையே கைவிட்ட தாய் முதல் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார், இப்படி வேலை தேடாதோர் கணக்கில் வராததால்தான் அமெரிக்காவில் 2022 ஜூலையில் அவ்விகிதம் தொற்றுக்கு முந்தைய 3.5 சதவீதத்துக்கே திரும்பியபோதும் வேலைவாய்ப்பு விகிதம் சுமார் ஒரு சதவீதப் புள்ளி தாழ்ந்தே இருந்தது. இரண்டாவது விகிதமோ முதியோர் மிகுந்த வட்டாரங்களைத் தாழ்த்திக் காட்டும்.

அவசர உதவி எங்கே தேவை என்றறிய முதலாவது போதும். மீட்சி முழுமையானதா என்று தீர்மானிக்க, 25 முதல் 54 வயதினருக்கான வேலைவாய்ப்பு விகிதத்தையே நம்பலாம்.