அதிவேக இருவழி பேரலல் போர்ட் கார்டு என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

எனக்கு அப்படியொரு கார்டை விற்ற கடையின் கடைசிப் பதில் இன்று மதியம் வந்தது. "பொருளில் குறை இல்லை. புகார் முடிக்கப்பட்டது." அவ்வளவுதான். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. ஆத்திரம் அடங்கும்முன் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் மாட்டக் கூடாது.

பழைய அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பவன் நான். அவற்றின் நிரலைச் சேமித்து வைத்திருக்கும் ஈப்ராம் என்ற நினைவகச் சிப்புகளில் இருக்கும் மின்னேற்றம் வருடங்கள் போகப்போகக் கசிந்துவிடும், எழுதியது அழிந்துவிடும். அதற்குள் நகல் எடுத்தாக வேண்டும். அதற்கென்று வைத்திருக்கும் சிப் புரோகிராமர் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) பேரலல் போர்ட் என்ற பழைய இணைப்பில்தான் ஓடும், அதுவும் ஈபிபி என்ற வேகமான இருவழி முறையில் மட்டும். அதை இணைத்திருந்த கணினியின் மதர்போர்டு போன மாதம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு லேப்டாப். அதில் பேரலல் போர்ட் கிடையாது, கூடுதல் கார்டு செருகும் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் மட்டும் உண்டு.

பேரலல் போர்ட் என்றால் பிரிண்டர் மாட்டுவது என்று மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கே ஏமாற்றினார்கள் என்பதே புரியாது. முதலில் வந்த சாதாரண போர்ட்டில் எட்டு டேட்டா கம்பிகளும் வெளியே அனுப்ப மட்டும்தான். ஒரு பைட் போக வேண்டுமானால் பைட்டை வைப்பது, எதிர்ப்பக்கம் பிஸியா என்று பார்ப்பது, பைட் தயார் என்று சொல்லும் ஸ்ட்ரோப் கம்பியை இறக்கி ஏற்றுவது என்று ஒவ்வொன்றையும் மென்பொருளே செய்ய வேண்டும். நொடிக்கு 150 கிலோபைட் கிடைத்தாலே அதிகம். உள்ளே வாங்குவது அதைவிடச் சிரமம். காகிதம் தீர்ந்தது, பிஸி என்று பிரிண்டர் தெரிவிப்பதற்காக வைத்த ஐந்து கம்பிகளில் நான்கை எடுத்து, ஒரு பைட்டை இரண்டு பாதியாக வாங்குவார்கள். நிபிள் முறை என்பது இதுதான். அதில் நொடிக்கு 50 கிலோபைட் அளவுதான்.

இன்டெல், சிர்காம், ஜெனித் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த ஈபிபி இதை அடியோடு மாற்றியது. மென்பொருள் ஒரு பைட்டை ஈபிபி டேட்டா ரெஜிஸ்டர் என்ற போர்ட்டின் சிறு நினைவிடத்தில் எழுதினால் போதும். ஸ்ட்ரோப் கொடுப்பது, எதிர்ப்பக்கம் வெயிட் கம்பியில் பதில் சொல்லும்வரை காத்திருப்பது எல்லாவற்றையும் அந்த ஒரே கட்டளைக்குள் போர்ட்டின் வன்பொருளே முடித்துவிடும். அதே ரெஜிஸ்டரைப் படித்தால் அதே எட்டுக் கம்பிகளில் பைட் உள்ளே வரும். போகிறதா வருகிறதா என்பதை ரைட் என்ற ஒரு கம்பி சொல்லிவிடும். நொடிக்கு 500 கிலோபைட்டில் தொடங்கி 2 மெகாபைட் வரை போகும். எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் கொண்டுவந்த ஈசிபி என்ற இன்னொரு முறையும் வேகமானதுதான், செயலியை ஒவ்வொரு பைட்டுக்கும் இழுக்காமல் டிஎம்ஏ வழியாகப் பெரிய தொகுதிகளாக அனுப்பும். ஆனால் திசை மாற்ற ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்திடம் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். எழுது, படி, எழுது, படி என்று திசை மாறிக்கொண்டே இருக்கும் என் புரோகிராமருக்கு ஈபிபிதான் சரி. இவை எல்லாமே 1994-ல் ஐட்ரிபிள்ஈ 1284 என்ற ஒரே தரத்துக்குள் வந்துவிட்டன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய கணினிப் பாகங்கள் விற்கும் ஓர் இணையக் கடை. எக்ஸ்பிரஸ்கார்டு பேரலல் போர்ட், ஈபிபி, ஈசிபி, 1284, அதிவேக இருவழி என்று பக்கத்தில் எல்லாம் போட்டிருந்தார்கள். விலை அரை மாதச் சம்பளம் என்பதால் நான் அவசரப்படவில்லை. மென்பொருள் போர்ட்டின் கம்பிகளை நேரடியாகத் தொட அதற்குக் கணினியில் ஐஓ முகவரி என்ற எண் வேண்டும்; பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைந்தால் அது கிடைக்கும், யுஎஸ்பி வழியாக என்றால் கிடைக்காது. அதனால் சாட்டில் நேராகவே கேட்டேன்: "இது உள்ளே பிசிஐ எக்ஸ்பிரஸில் ஓடுகிறதா, யுஎஸ்பியில் ஓடுகிறதா? போர்ட்டுக்கு ஐஓ முகவரி கிடைக்குமா?" உடனே பதில் வந்தது: "பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் சார். சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புவோம்." கூடவே, கணினியில் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரின் படம் ஒன்று. அதில் பேரலல் போர்ட்டின் பெயராக எல்பிடி3 என்றும், கீழே ஐஓ முகவரியும் தெளிவாக இருந்தன. அந்தப் படத்தில்தான் விழுந்தேன். கேட்டது புரிந்து, கேட்டதற்கே ஆதாரம் காட்டுகிறாரே என்று நம்பி அப்போதே பணம் கட்டினேன்.

கார்டு வந்தது, மாட்டினேன். டிவைஸ் மேனேஜரில் எல்பிடி எதுவும் வரவில்லை. யுஎஸ்பி பட்டியலுக்குக் கீழே "யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்று ஒரு வரி வந்தது. வயிறு எரிந்தது. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் பிசிஐ எக்ஸ்பிரஸும் உண்டு, யுஎஸ்பியும் உண்டு. யுஎஸ்பி பிரிண்டர் கேபிளில் இருக்கும் சிப்பையே கார்டுக்குள் வைத்து மூடிவிட்டால் வெளியே இருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சிப்புக்கு ஐஓ முகவரியே இல்லை. கம்பிகளை அது தன் இஷ்டத்துக்கு ஆட்டும், நம் மென்பொருளால் ஒரு கம்பியைக்கூடத் தொட முடியாது. புரோகிராமரின் மென்பொருள் "கருவி இல்லை" என்றது. நானே ஒரு சின்ன நிரல் எழுதி, பேரலல் போர்ட்டின் வழக்கமான ஐஓ முகவரியான 378-லிருந்து வரிசையாகப் படித்தேன், எல்லாம் எஃப்எஃப், அதாவது அங்கே எதுவும் இல்லை. எதுவும் எழுதாத ஈப்ராமைப் படித்தாலும் எஃப்எஃப்தான் வரும். கருவி இருக்கிறதா என்று பார்க்காத மென்பொருளாக இருந்திருந்தால் சிப் அழிந்துவிட்டது என்றே நினைத்துத் தூக்கிப் போட்டிருப்பேன்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள், போட்டேன். பிரிண்டர் மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டினேன், அச்சு வந்தது. வராமல் என்ன, அந்தச் சிப் அதற்காகவே செய்தது. "அச்சு வருகிறதே சார், அப்படியானால் குறை இல்லை." நீங்கள் அனுப்பிய எல்பிடி3 படம் எங்கே என்று கேட்டால் "அது மாதிரிப் படம்" என்கிறார்கள். பிறகு வேறொருவர் வந்து முதலிலிருந்து கேட்டார், திரும்ப எல்லாம் எழுதினேன். கடைசியில் உறை பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாதாம். உறையைப் பிரிக்காமல் கார்டை எப்படி மாட்டுவது? அரை மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

பிரிண்டர் தன் நிலையைத் திருப்பிச் சொல்வதையே இவர்கள் "இருவழி" என்று எழுதி விற்கிறார்கள். கேட்டால் பொய் சொல்லவில்லை என்பார்கள். ஈபிபி என்று எழுதியதும் எல்பிடி3 படம் அனுப்பியதும் பச்சைப் பொய். அந்தப் பக்கம் இன்றும் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சிப்பின் மாடல் எண்ணைக் கேளுங்கள், சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். சாட்டில் வரும் படத்தை நம்பாதீர்கள், "ஐஓ முகவரி உண்டு" என்பதை ஆர்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டிலும் முகவரி பெரும்பாலும் 378 ஆக இருக்காது, உங்கள் மென்பொருளில் முகவரியை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். உறை பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

மேசையில் பதினொரு ஈப்ராம்கள் படிக்காமல் கிடக்கின்றன. மதர்போர்டிலேயே பேரலல் போர்ட் உள்ள, பயாஸில் ஈபிபி தேர்வு காட்டும் பழைய கணினி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு இரவல் கிடைத்தால்கூடப் போதும்.