கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்தோம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழா என்றால் மெல்லிசைக் கச்சேரிதான். இந்த வருடம் நான் விடாமல் பேசி, மதுரையிலிருந்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை வரவழைத்தோம். நாடகம்: நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். சுவாமிகள் 1922இல் காலமானார். அவருடைய பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும்கூட இன்னும் தெற்கே மேடையேறுகின்றன. நம் வால்டாக்ஸ் ரோட்டிலேயே சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகள் ஆடிய ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. ஹார்பரில் வேலை முடித்து தாத்தா நேராக அங்கே போய்விடுவாராம்.

ஸ்பெஷல் நாடகம் ஒரே குழுவாக வருவதில்லை. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் மேடைக்குப் பின்னால் ஒவ்வொருவரிடமும் பாடும் சுருதி எத்தனை கட்டை என்று கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஊரில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடப்பது இது. இங்கே பத்து மணிக்கு மேல் மைக் போட முடியாது என்பதால் ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். பபூன், டான்ஸ் பகுதியை அவர்களே சுருக்கிக்கொண்டார்கள். ஆனால் நாரதர், வள்ளி தர்க்கத்தில் கை வைக்கவில்லை. அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாடி முடித்த வள்ளியிடம் முருகனைக் கட்டிக்கொள் என்கிறார் நாரதர். அவள் ஏன் என்று கேட்கிறாள். இவர் பாட்டில் ஒரு கேள்வி போட, அவள் வசனத்தில் மடக்க, எழுதி வைத்த பேச்சில்லாமல் முக்கால் மணி நேரம் போனது. மீன் மார்க்கெட் அக்காமார்கள் முன்னால் வந்து உட்கார்ந்து வள்ளி பக்கம் கை தட்டினார்கள். அப்புறம் முருகன் வேடனாக வந்து ‘காயாத கானகத்தே’ பாட்டை எடுத்தபோது நான் அழுதுவிட்டேன்.

ஒரே குறை, நாங்கள் ஏற்பாடு செய்த மைக் செட். கச்சேரிக்குப் போடுகிற மாதிரி எக்கோ வைத்து வசனத்தைக் குழப்பிவிட்டார்கள். எக்கோ வேண்டாம் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் தென்மாவட்டக் கோயில்களில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது. அந்த மாதங்களில் நாடகம் வைக்க நினைப்பவர்கள் தை மாதமே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். நேரம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கச் சொல்லுங்கள், தர்க்கத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.