பாதியில் நின்ற சீசன்: ஆடி முடிப்பதா, கணக்குப் போட்டு முடிப்பதா?

ஜெர்சி புல்ஸ் என்று ஒரு சின்ன அணி. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலில் இருக்கும் ஜெர்சி தீவின் அணி அது. இங்கிலாந்து லீக் அமைப்பில் அவர்கள் ஆடிய முதல் சீசனே 2019-20தான். 27 லீக் ஆட்டங்கள் ஆடினார்கள், 27-லும் ஜெயித்தார்கள். ஒரு டிரா கூட இல்லை. 2020 மார்ச் 26 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கீழ்மட்ட லீக்குகளில் அந்த சீசன் ரத்து, முடிவுகள் எல்லாம் பதிவிலிருந்து நீக்கப்படும், யாருக்கும் மேல் பிரிவு கிடையாது என்றது. 27 வெற்றிகளும் ஒரே நாளில் இல்லாமல் போயின.

கொரோனாவால் நின்றுபோன அந்த சீசனை என்ன செய்வது என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்தது. மொத்தமாக ரத்து செய்தார்கள் சிலர். நின்ற இடத்திலேயே சராசரிக் கணக்குப் போட்டு முடித்தார்கள் சிலர். காலி மைதானத்திலாவது ஆடி முடித்தார்கள் மற்றவர்கள். அப்போது நடந்த விவாதம் எல்லாம் பட்டம் யாருக்கு என்பதைச் சுற்றியே ஓடியது. 25 புள்ளி முன்னிலையில் இருந்த லிவர்பூலுக்கு 30 வருடம் கழித்து வரும் பட்டம் கைநழுவிப் போகுமா என்பதுதான் பெரிய கேள்வி. எனக்கு அது அவ்வளவு சிக்கலான கேள்வியாகப் படவில்லை. பட்டியலின் உச்சியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். எந்த வழி நியாயம், எது அநியாயம் என்பது அங்கேதான் தெரியும்.

ரத்து: மூன்று ஆட்டத்துக்குச் சரி, முப்பதுக்கு இல்லை

ரத்து செய்வதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1939-ல் இங்கிலாந்தில் சீசன் தொடங்கிய கையோடு போர் வந்தது. மூன்று ஆட்டங்களோடு லீக் நின்றது. மூன்றிலும் ஜெயித்து பிளாக்பூல் முதலிடத்தில் இருந்தது. அந்த முடிவுகளை நீக்கினார்கள். மூன்று ஆட்டத்தை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் முக்கால்வாசி சீசன் முடிந்த பிறகு அதே முடிவை எடுப்பது வேறு விஷயம். இங்கிலாந்தின் ஏழாவது மட்டத்தில் சவுத் ஷீல்ட்ஸ் அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஒன்பது ஆட்டங்கள்தான் மீதி. அவர்களுக்கும் ஜெர்சிக்குச் சொன்ன அதே பதில்தான்.

நெதர்லாந்து இதில் பாதி வழி போனது. பட்டம் இல்லை, கீழ்ப் பிரிவுக்கு இறக்கமும் இல்லை, மேல் பிரிவுக்கு ஏற்றமும் இல்லை என்று 2020 ஏப்ரல் 24 அன்று முடிவெடுத்தார்கள். உச்சியில் அயாக்ஸும் ஏஇசட் அல்க்மாரும் 25 ஆட்டங்களில் ஆளுக்கு 56 புள்ளி. கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்துப் பார்த்தால், அயாக்ஸ் முன்னால். ஆனால் அந்த சீசனில் இரண்டு அணிகளும் மோதிய இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தது ஏஇசட். இப்படி ஒரு நிலையில் பட்டத்தை யாருக்கும் தராமல் விட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் இரண்டாம் பிரிவைப் பற்றியது. அங்கே முதலிடத்தில் இருந்த கம்பூர், மூன்றாம் இடத்து அணியைவிட 11 புள்ளி மேலே இருந்தது. ஏற்ற இறக்கம் வேண்டுமா என்று கிளப்புகளிடம் கேட்டபோது 16 கிளப்புகள் வேண்டும் என்றன, 9 வேண்டாம் என்றன, மீதி 9 எந்தப் பக்கமும் சாயவில்லை. அப்படியிருந்தும் சங்கம் வேண்டாம் என்றே முடிவு செய்தது. கம்பூர் நீதிமன்றம் போய்த் தோற்றது.

அடுத்த சீசனில் கம்பூர் மறுபடியும் முதலிடம் பிடித்து மேலே போனது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு ஆட்டக்காரரின் கால்பந்து வாழ்க்கையே பத்து, பதினைந்து வருடம். அதில் ஒரு வருடத்தைத் திரும்ப ஆடச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

சராசரி: பார்க்க நேர்மை, உள்ளே ஊகம்

அடுத்தது சராசரிக் கணக்கு. வாங்கிய புள்ளியை ஆடிய ஆட்டத்தால் வகுத்து, அந்த வரிசையில் பட்டியலை முடிப்பது. எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காத சூழலில் இதைவிட நியாயமான கணக்கு கிடைப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என்ன செய்யும் என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீக்கை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் நின்றபோது மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டத்தில் 40 புள்ளி. செல்சி 15 ஆட்டத்தில் 39. பட்டியலில் சிட்டிதான் மேலே. வகுத்துப் பார்த்தால் சிட்டிக்கு 2.5, செல்சிக்கு 2.6. பட்டம் செல்சிக்குப் போனது. செல்சி தகுதி இல்லாத அணி என்று சொல்ல வரவில்லை. ஆனால் செல்சி இன்னும் ஆடாத ஓர் ஆட்டத்தை அவர்கள் ஜெயித்த கணக்கில் வைத்ததுபோலத்தான் இது. அந்த ஆட்டம் யாரோடு, எந்த மைதானத்தில் என்பதெல்லாம் வகுத்தலுக்குத் தெரியாது.

பட்டத்தில் நடந்ததாவது பரவாயில்லை. தோற்றவர்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதே வகுத்தல் அடியில் என்ன செய்தது? இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் டிரான்மியர் ரோவர்ஸ் 34 ஆட்டத்தில் 32 புள்ளி. அவர்களுக்கு மேலே விம்பிள்டன் 35 ஆட்டத்தில் 35 புள்ளி. இடைவெளி மூன்று, டிரான்மியர் கையில் கூடுதலாக ஓர் ஆட்டம். அதுவும் கடைசி மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்த நேரம். சராசரி 0.94-க்கு 1.0. டிரான்மியர் கீழே போ என்று முடிந்தது. அதே பிரிவில் எட்டாம் இடத்தில் இருந்த வைக்கம் வாண்டரர்ஸ் அணி, சராசரியில் மூன்றாம் இடத்துக்கு ஏறி, மேலே போவது யார் என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களை ஆடி, வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்குப் போனது. பிளே-ஆஃப் இடத்தில் இருந்த பீட்டர்பரோ ஒரு படி சறுக்கி வெளியே நின்றது.

ஸ்காட்லாந்தில் ஹார்ட்ஸ் கதையும் இதுதான். எட்டு ஆட்டம் மீதி இருக்க, நான்கு புள்ளி பின்னால் இருந்தார்கள். இறக்கப்பட்டார்கள். பிரான்ஸில் அமியான், மேலே இருந்த நீம் அணியைவிட நான்கு புள்ளிதான் பின்னால், பத்து ஆட்டம் மீதி. அவர்களும் இறக்கப்பட்டார்கள். பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஜூன் மாதம் சீசனை முடித்தது சரி என்று சொல்லி, இறக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்தது. மறுபடி யோசியுங்கள் என்றது. கிளப்புகள் கூடி, அடுத்த சீசனிலும் 20 அணிதான் என்று வாக்களித்தன. அமியானும் கடைசி இடத்தில் இருந்த துலூஸும் மறுபடி கீழே. தப்பிக்கப் போகிறவர்களிடமே வாக்குக் கேட்டால் வேறு என்ன முடிவு வரும்?

உச்சியில் சராசரி பெரும்பாலும் சிக்கல் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பிஎஸ்ஜி 12 புள்ளி முன்னால், ஸ்காட்லாந்தில் செல்டிக் 13, பெல்ஜியத்தில் கிளப் ப்ரூக் 15. இந்தியாவின் ஐ-லீக்கில் மோகன் பகான் நான்கு சுற்று மீதி இருக்கும்போதே 16 புள்ளி முன்னிலையோடு பட்டத்தை உறுதி செய்திருந்தது. கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்ட இடத்தில் பட்டத்தைக் கொடுக்க யார் தடை சொல்வார்கள்?

ஆடி முடித்தவர்கள்

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் முதலில் திரும்பி வந்தது ஜெர்மனி. 2020 மே 16, டார்ட்மண்ட் 4, ஷால்கே 0. எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை. ஆட்டம் முடிந்ததும் டார்ட்மண்ட் வீரர்கள் வழக்கம்போல தெற்குப் பக்க ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்று வணக்கம் சொன்னார்கள். எதிரே வெறும் கான்கிரீட் படிகள். அதைப் பார்த்து மனம் கனத்தது. இது கால்பந்தா என்று அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆடி முடிப்பதற்கு எதிரான வாதங்கள் எல்லாமே கனமானவை. முதலில் உயிர் பயம். வாட்ஃபோர்ட் கேப்டன் டிராய் டீனியின் கைக்குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை இருந்தது. நோயை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லி முதலில் பயிற்சிக்கு வர மறுத்தார். அவரைக் கோழை என்று ஏசியவர்கள் வெட்கப்பட வேண்டும். விருப்பம் இல்லாத ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தினால் அந்த லீக் ஆடி முடித்ததில் அர்த்தமே இல்லை.

அடுத்தது, திரும்பி வருவது அதே சீசன் இல்லை. ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடிகின்றன. போர்ன்மத்தின் ரயன் ஃப்ரேசர் நீட்டிக்க மறுத்து, இறக்கப் போராட்டத்தின் நடுவில் கிளப்பை விட்டுப் போனார். ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் டைனமோ டிரெஸ்டன் அணிக்கு, லீக் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு 14 நாள் தனிமைப்படுத்தல். மற்றவர்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள், இவர்கள் வீட்டில். அப்புறம் நெருக்கியடித்து ஆடி, கடைசி இடத்தில் முடித்து இறங்கினார்கள். ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் கடைசி நாள் டெபோர்டிவோவின் எதிரணியில் தொற்று வந்ததால் அந்த ஒரு ஆட்டம் மட்டும் தள்ளிப்போனது. மற்ற மைதானங்களில் ஆடி முடித்தார்கள், அந்த முடிவுகளிலேயே டெபோர்டிவோ தங்கள் ஆட்டத்தை ஆடுவதற்கு முன்பே இறங்கிவிட்டது. இதைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

இவ்வளவு தெரிந்தும் ஆடி முடித்ததுதான் சரி என்கிறேன். காரணம் ஆஸ்டன் வில்லா.

இங்கிலாந்து பிரீமியர் லீக் நின்றபோது வில்லா 28 ஆட்டத்தில் 25 புள்ளி, பத்தொன்பதாம் இடம். போர்ன்மத் 29-ல் 27. வகுத்துப் பாருங்கள், 0.89-க்கு 0.93. பிரான்ஸின் வழியில் போயிருந்தால் வில்லா ஏப்ரலிலேயே கீழே. ஜூன் 17 அன்று லீக் திரும்பியது, முதல் ஆட்டமே வில்லா பார்க்கில், ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு. முதல் பாதியின் இறுதியில் ஒரு ஃப்ரீ கிக். வில்லா கோல்கீப்பர் நிலாண்ட் பந்தைப் பிடித்தவர், அப்படியே தடுமாறி, பந்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். டிவியில் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. பந்து கோட்டைத் தாண்டியதும் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் மட்டும் அதிரவில்லை. ஏழு கேமராக்களையும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள் என்று கோல்கோட்டுத் தொழில்நுட்ப நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0.

ஜூலை 26, கடைசி நாள். வெஸ்ட் ஹாம் மைதானத்தில் 84-வது நிமிடம் வில்லாவின் கிரீலிஷ் கோல் அடித்தார். கொஞ்ச நேரத்தில் வெஸ்ட் ஹாமின் யார்மோலென்கோ சமன் செய்தார். 1-1. எவர்ட்டனில் போர்ன்மத் 3-1 என்று ஜெயித்தது. கணக்கு முடிந்தபோது வில்லா 35, போர்ன்மத் 34, வாட்ஃபோர்ட் 34. வில்லா தப்பியது, போர்ன்மத் இறங்கியது. அன்றைக்கு அந்தக் கடிகாரம் அதிர்ந்து, ஆட்டம் அந்த ஒரு கோலில் முடிந்திருந்தால் வில்லாவுக்கு 34-தான். கோல் வித்தியாசத்தில் போர்ன்மத் தப்பியிருக்கும்.

ஆடி முடித்ததாலும் அநியாயம் நடந்தது பாருங்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அநியாயம்தான். ஆனால் போர்ன்மத்துக்கு அதற்குப் பிறகும் ஒன்பது ஆட்டங்கள் இருந்தன. தவறு ஆட்டத்துக்குள் நடந்தது, அதைச் சரிக்கட்ட ஆட்டமும் மீதி இருந்தது. மூன்றாம் பிரிவில் வகுத்துப் பார்த்துக் கீழே அனுப்பியவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

காசு இல்லாத லீக் என்ன செய்யும்?

வாராவாரம் பரிசோதனை, டிக்கெட் வருமானம் பூஜ்யம், டிவி பணம் சொற்பம். சின்ன லீக்குகளால் ஆடி முடிக்க முடியாது. பணக்கார லீக்குக்கு ஒரு நியாயம், ஏழை லீக்குக்கு ஒரு நியாயம் என்று ஆனது இதனால்தான். அவர்களை ஆடு என்று கட்டாயப்படுத்துவது தவறு. நிறுத்தட்டும். நிறுத்திவிட்டு, சம்பாதித்தவர்களுக்குக் கொடுக்கட்டும். இருப்பவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம். முதலிடத்தில் இருப்பவர் மேலே போகட்டும், கடைசியில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும், அடுத்த சீசனில் அணிகள் கூடட்டும்.

நடைமுறையில் முடியாது என்பார்கள். ஸ்பெயினின் மூன்றாம் பிரிவு செய்து காட்டியது. இறக்கம் இல்லை என்று அறிவித்து, ஏற்றத்துக்கு மட்டும் பிளே-ஆஃப் நடத்தினார்கள். 80 அணிகள் இருந்த பிரிவு அடுத்த சீசனில் 102 அணிகளோடு நடந்தது. குழுக்களைப் பிரித்தார்கள், வடிவத்தை மாற்றினார்கள், சமாளித்தார்கள்.

டிரான்மியருக்கு அந்த சீசனில் பாக்கி பத்து ஆட்டங்கள். விம்பிள்டனோடு இடைவெளி மூன்று புள்ளி. அடுத்த சீசனை அவர்கள் நான்காம் பிரிவில் தொடங்கினார்கள்.